விளக்கு இருந்த இடத்தில் விசிறி

கூரையின் மத்தியில் பல்லாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த விளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே கம்பிகளைக் கொண்டு ஒரு மின்விசிறியை மாட்டிவிடலாம் என்ற எண்ணம், பங்குனி பிறந்து கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கும் காலத்தில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பழைய வீடுகளில் குடியிருப்போர் மனத்தில் உதிப்பது இயல்பே. கம்பி இருக்கிறது, சுவிட்சு இருக்கிறது, அறையின் நடு இடமும் அதுவே, இனி வேண்டியது விசிறி ஒன்றுதான் என்று தோன்றும். அந்த எண்ணத்தில் ஒரு பாதி சரியானது, ஒரு பாதி அபாயமானது. ஆனால் எந்தப் பாதி எது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மின்சாரத்தை நினைத்து நடுங்குகிறவர்கள் பாரத்தை நினைத்து நடுங்குவதில்லை. விளக்கு போய் விசிறி வரும் இடத்திலோ, பெரும்பாலும் பயப்படவேண்டியது பாரத்துக்கும் ஓயாத அசைவுக்குமே என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளக்குக்கு மட்டும் கம்பி இழுத்து, விசிறிக்கு இடமே விடாமல் வீடு கட்டியதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் பைகாராவில் 1932ஆம் ஆண்டிலும், மேட்டூரில் 1937ஆம் ஆண்டிலும், தெற்கே பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டிலும் நீர்மின்சக்தி உற்பத்தியாகத் தொடங்கிற்று. பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில்தான் கிராமங்களுக்கு மின்சாரம் விரைந்து பரவிற்று. மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலிருந்து விடுதலை கிடைத்ததே பெரும் பாக்கியம் என்று கருதிய அந்தத் தலைமுறைக்கு, மின்சாரம் என்றால் வெளிச்சம் என்பதே பொருளாயிருந்தது. காற்றுக்குப் பனையோலை விசிறியும், திண்ணையும், மொட்டை மாடியும் இருந்தன. குடிசைகளுக்கு அரசு அளித்த இணைப்பும் ஒரே ஒரு விளக்குக்காகவே அளிக்கப்பட்டது. பிற்பாடு, 2011ஆம் ஆண்டில், மிக்ஸி, கிரைண்டர்களோடு தமிழக அரசு வீடுதோறும் வழங்கிய விசிறி மேஜை விசிறியாக அமைந்தது மிகப் பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது; ஏனெனில் ஓலைக்கும் ஓட்டுக்கும் கீழே குடியிருந்த ஏழை ஜனங்களின் வீடுகளில், கூரை விசிறியைத் தாங்கும் கொக்கி எங்கே இருந்தது?

கூரையில் தொங்கும் மின்விசிறியை 1882ஆம் ஆண்டில் உருவாக்கிய பிலிப் டீல் என்பவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, சிங்கர் தையல் யந்திரக் கம்பெனியில் பணியாற்றியவர். தையல் யந்திரத்தை ஓட்டுவதற்கென அமைத்த மோட்டாரையே எடுத்து, இறக்கைகள் பூட்டி, கூரையில் தொங்கவிட்டார். பிற்பாடு அந்த விசிறியின் அடியிலேயே விளக்கையும் இணைத்தார். ஆகவே விளக்கும் விசிறியும் கூரையின் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது இன்று நேற்று எழுந்த பிரச்சினையன்று. விசிறியின் பிறப்போடு கூடவே பிறந்தது.

விசிறி செய்யும் காரியம் என்ன என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அது அறையைக் குளிர்விப்பதில்லை. எழுபத்தைந்து வாட் சக்தியை உண்டு சுழலும் விசிறி, அந்தச் சக்தி முழுவதையும் கடைசியில் உஷ்ணமாகவே அறைக்குள் விடுகிறது. ஆளில்லாத அறையில் அதை ஓடவிட்டால், அறை ஓர் அணுவளவேனும் சூடேறுமேயன்றிக் குளிராது. குளிர்வது நம் சரீரம் மாத்திரமே. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் சரீரம் சுமார் நூறு வாட் உஷ்ணத்தை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். தோலின் உஷ்ண நிலை ஏறக்குறைய 35 டிகிரி. சுற்றியுள்ள காற்றும் அதே அளவு சூடேறிவிட்டால், காற்றுக்கு உஷ்ணத்தைக் கைமாற்றும் வழி அடைபட்டு, வியர்வை ஆவியாவது ஒன்றே சரீரத்துக்குப் புகலாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்வதால், மணிக்கு 150 கிராம் வியர்வை உலர்ந்துபோனால் அந்த நூறு வாட்டும் தீர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் எந்த நியாயத்தால் குளிர்கிறதோ அதே நியாயம்தான் இங்கும். பானை காற்றோட்டத்தில் இருந்தால் சீக்கிரம் குளிர்வதுபோல், தோலை ஒட்டிய ஈரக் காற்றை விசிறி ஓயாமல் விரட்டிவிடுவதால் வியர்வை சீக்கிரம் உலர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்தச் சீமையில் காற்று வறண்டிருப்பதால், கடற்கரை ஊர்களைக் காட்டிலும் விசிறியின் பிரயோஜனம் அதிகம். ஆனால் அந்த வறட்சிக்கு மறுபக்கமும் உண்டு. காற்றின் உஷ்ணம் தோலின் உஷ்ணத்தைத் தாண்டிவிட்டால், விசிறி வியர்வையை உலர்த்தும் அதே வேளையில் சூட்டையும் சரீரத்துக்குள் புகுத்துகிறது. வியர்வை தாராளமாகச் சுரக்கும் இளைஞனுக்கு லாபமே மிஞ்சும். சுரப்பு குறைந்துபோன முதியவர்களுக்கு நஷ்டம் மிஞ்சலாம். உஷ்ணம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே மின்விசிறியை நம்பலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவது இதனால்தான். அக்கினி நட்சத்திரத்துப் பகல்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடும் இந்த வட்டாரத்தில், வீட்டிலுள்ள முதியவர்கள் விசிறிக்கு அடியில் படுத்திருந்தாலும், ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்துவிடுவதும் அடிக்கடி தண்ணீர் கொடுப்பதும் அவசியம். ஈரம் இருந்தால்தான் விசிறிக்கு வேலை இருக்கும்.

சித்திரை மாதத்து மாலையில் விசிறியைப் போட்டதும் அனல் இறங்குகிறதே என்று முறையிடாத வீடு இங்கே இல்லை. அது விசிறியின் குற்றமன்று. நாலைந்து அங்குல கனமுள்ள கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்தே அந்தச் சூட்டைத் தன் அடிப்புறத்துக்கு அனுப்புகிறது. ஆகவே வெளியே காற்று ஆறத் தொடங்கும் வேளையில்தான் உள்ளே கூரை உச்சச் சூட்டில் நிற்கிறது. கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும் அந்தச் சூடான காற்றை விசிறி அள்ளிக் கீழே தள்ளுகிறது. மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பதும், மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், சன்னல்களைத் திறந்து வைத்த பிறகு விசிறியை ஓட்டுவதும், புதிய விசிறி வாங்குவதைவிட அதிகப் பலன் தருவது உண்டு.

இனி மின்சாரத்தின் கணக்கைப் பார்ப்போம். முன்பு அந்த இடத்தில் எரிந்த அறுபது வாட் பல்பு, 230 வோல்ட்டில் சுமார் கால் ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தது. சாதாரணக் கூரை விசிறி எடுப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர். விளக்குக்கு இழுக்கப்படும் மெல்லிய செப்புக் கம்பியும் பத்து ஆம்பியரைத் தாங்க வல்லது. ஆகவே, கம்பி பழுதுபடாமல் இருக்கும்வரை, விசிறியின் மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டேயன்று. கனத்தின் கணக்கோ முற்றிலும் வேறு. ஹோல்டரும் பல்பும் ஷேடும் சேர்ந்து கால் கிலோ இருந்தால் அதிகம். இறக்கைகளோடு சேர்ந்த விசிறி நான்கு முதல் ஐந்து கிலோ. மின்னோட்டம் சற்றே கூடியிருக்க, பாரமோ பதினைந்து இருபது மடங்காகப் பெருகிவிட்டது. அந்தப் பாரமும் சும்மா தொங்குவதில்லை; நிமிஷத்துக்கு 380 தடவை சுழல்கிறது.

திருச்சுழிச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், தளம் போட்ட பழைய வீடொன்றில், விளக்கைக் கழற்றி விசிறி மாட்டும் வேலையை அருகிலிருந்து கவனித்தேன். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் கூரையிலிருந்த வட்ட மரக்கட்டையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். கட்டைக்குப் பின்னே, தளத்தில் துளையிட்டு அடித்திருந்த இரண்டு சிறிய மர ஆப்புகள் தெரிந்தன. விரலால் நெருடியதும் அவற்றில் ஒன்று உளுத்த பொடியாக உதிர்ந்து தரையில் விழுந்தது. இத்தனை ஆண்டுகள் விளக்கைத் தாங்கிநின்றது அவ்வளவுதான். அவர் சுத்தியலின் கைப்பிடியால் சுற்றிலும் தட்டிப் பார்த்து, பூச்சுக்குள் புதைந்த கொக்கி ஏதேனும் உண்டா என்று தேடி, ஒன்றும் அகப்படாமல், துளை போடும் மெஷினை எடுத்தார். கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரக் கிழவி, “ஏப்பா, லைட்டு தொங்குன எடந்தான, அதுலயே மாட்டிவிட்டாப் போதாதா? எதுக்கு இப்படி மோட்டக் குடையிற?” என்றாள். “கரண்டு பத்தும் ஆத்தா, கனந்தான் தாங்காது” என்று அவர் மேலிருந்தே பதில் சொன்னார்.

துளையிலிருந்து முதலில் விழுந்தது வெளிறிய, மிருதுவான தூள், அது பூச்சு. பிறகுதான் கறுத்த, கரகரப்பான கான்கிரீட் தூள் வந்தது. ஒரு துளை பாதியில் தளத்தின் இரும்புக் கம்பியில் முட்டவே, அதை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி வேறொன்று போட்டார். ஆங்கர் போல்ட்டை உள்ளே செலுத்தி, முறுக்க முறுக்க அதன் உறை விரிந்து துளையின் சுவரைக் கவ்விக்கொண்ட பின், கொக்கியை இரு கைகளாலும் பற்றி, ஸ்டூலிலிருந்து கால்களை எடுத்து, தம் உடல் முழுவதையும் ஒரு நிமிஷம் தொங்கவிட்டார். அறுபது கிலோ மனிதனைத் தாங்கிய கொக்கி ஐந்து கிலோ விசிறியைத் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் அந்தச் சோதனை, அசையாத பாரத்துக்கான சோதனை. அசைவுக்கான சோதனையன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கான்கிரீட்டின் இயல்பை அறிந்தவர்களுக்கு, கொக்கியை இவ்வளவு சோதித்துப் போடவேண்டியதன் காரணம் விளங்கும். கான்கிரீட் அழுத்தத்துக்கு மலையாக நிற்கும். இழுவைக்கு எளிதில் விண்டுவிடும். சுவர்களின் மேல் படுத்திருக்கும் தளம் தன் பாரத்தால் மிகச் சிறிதளவு நடுவில் தாழ்கிறது. அதனால் அதன் மேற்புறம் நெருக்குண்டு, அடிப்புறம் இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்குவதற்காகத்தான் இரும்புக் கம்பிகளை அடிப்புறமாக வைத்துக் கட்டுகிறார்கள். அறையின் நடுவில், கூரையின் அடிப்புறம் என்பது, கான்கிரீட் அதிகமாக இழுபட்டு மயிரிழை வெடிப்புகள் விடக்கூடிய ஸ்தானம். நாம் விசிறியைத் தொங்கவிட விரும்புவதோ சரியாக அதே ஸ்தானம். வீடு கட்டும்போதே ஃபேன் பாக்ஸ் வைத்து, அதன் குறுக்குக் கம்பியைத் தளத்தின் கம்பிகளோடு பிணைத்துக் கான்கிரீட் போடுகிற வழக்கம் சிறந்தது என்பது இதனால்தான். அங்கே பாரம் கான்கிரீட்டின் பிடிப்பை நம்பியிராமல் இரும்போடு இரும்பாகத் தொங்குகிறது. அது இல்லாத வீட்டில் ஆங்கர் போல்ட்டே வழி என்றால், அது பூச்சைக் கடந்து போதிய ஆழம் கான்கிரீட்டுக்குள் போயிருக்க வேண்டும். வெடிப்புக் கண்ட இடத்திலும், தட்டினால் பொத்தல் ஓசை வரும் இடத்திலும், கம்பி துருப்பிடித்து வீங்கிப் பூச்சு உப்பிய இடத்திலும் அதைப் போடவே கூடாது.

காரை வீடுகளின் கதை வேறு. தேக்கு உத்தரங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையில், உத்தரங்களுக்கு இடையே எங்கே துளையிட்டாலும் அகப்படுவது செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆங்கர் போல்ட் அதில் விரிந்தால் கல்லைப் பிளக்குமேயன்றிக் கவ்வாது. அத்தகைய வீட்டில் விளக்கு இரண்டு உத்தரங்களுக்கு நடுவே இருந்திருந்தால், விசிறி அந்த இடத்தை விட்டு உத்தரத்துக்கு நகர்ந்தே ஆகவேண்டும். உத்தரத்தைச் சுற்றி இரும்புக் கிளாம்பைப் பூட்டி, அதிலிருந்து தொங்கவிடுவதே பத்திரம். மரத்தில் அடியிலிருந்து செலுத்திய ஒற்றைத் திருகாணியை நம்புவது தகாது, செல்லரித்த உத்தரமானால் கிளாம்பும் தகாது. ஓட்டு வீட்டில் விட்டம் இருக்கிறது. இரும்புக் கர்டர் வைத்த வீட்டில் கர்டர் இருக்கிறது. எதுவுமே இல்லையென்றால், இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு கனத்த இரும்புக் குழாயைப் பதித்துவிடலாம்.

அசைவைப் பற்றி இன்னும் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் விசிறிகள் விழுவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் அதுதான். ஓர் இறக்கை மற்றவற்றைவிடப் பத்தே கிராம் கனமாக இருப்பதாகவும், அந்த அதிகக் கனம் மையத்திலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 380 சுற்றில், அந்தப் பத்து கிராம் மையத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ எண்ணூறு கிராம் எடைக்குச் சமம். பத்து கிராம் எண்ணூறு கிராமாகிவிட்டது. அதோடு, அந்த இழுவை ஒரே திசையில் நிற்காமல், விநாடிக்கு ஆறு தடவைக்கு மேல் எல்லாத் திசைகளுக்கும் சுற்றி வருகிறது. மணிக்கு 22,800 சுற்று; எட்டு மணி நேரம் உறங்கும் ஓர் இரவில் 1,82,400 சுற்று. இத்தனை தடவை அங்குமிங்கும் அலைக்கப்பட்டால், ஒரே இழுப்பில் ஒருகாலும் வளையாத இரும்பும் நாளடைவில் தேயும், களைக்கும், விண்டுபோகும். தொழிற்சாலையில் இறக்கைகளை எடைபார்த்து ஒத்த எடையுள்ளவற்றை ஒரே தொகுதியாகக் கட்டித் தருகிறார்கள். ஆகவே ஒரு விசிறியின் இறக்கையை இன்னொன்றுக்கு மாற்றுவதும், வளைந்த ஒன்றைக் கையால் நிமிர்த்திப் பூட்டுவதும் கூடாது. தூசியும் ஒட்டடையும் ஒரே இறக்கையில் தடித்துப் படிந்தால்கூட இந்தச் சமநிலை குலையும்.

இன்னொரு விசையும் அங்கே இடைவிடாமல் வேலை செய்கிறது. கூரை விசிறியின் மோட்டாரில், சாதாரண மோட்டார்களுக்கு மாறாக, நடுவிலுள்ள சுருள் நிலையாக நிற்க, வெளியிலுள்ள ஓடு சுழல்கிறது. ஓட்டை ஒரு பக்கம் திருப்பும் சுருள், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, தான் மறுபக்கம் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சி தொங்கு குழாய் வழியாக மேலே ஏறுகிறது. சிறிய விசைதான், ஆனால் விசிறி ஓடும்வரை ஓய்வதில்லை. குழாயின் இரு முனைகளிலும் போல்ட் குறுக்காகச் செலுத்தி, நட்டை முறுக்கி, நட்டு கழலாதபடி போல்ட்டின் நுனியில் ஒரு காட்டர் பின்னைச் செருகி இரண்டாகப் பிரித்து மடக்கிவிடச் சொல்லியிருப்பது இதற்காகவே. கைவிரல் நகத்தளவுள்ள அந்தப் பின்னைப் பையிலேயே விட்டுவிட்டுப் போகும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். விசிறி ஓடும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட ஓடும், அதுவரை நட்டு மயிரிழை மயிரிழையாகக் கழன்றுகொண்டிருக்கும். கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள ரப்பர் புஷ்ஷும் அலங்காரத்துக்காக வைத்ததன்று. இரும்பு இரும்பை அறுக்காமல் தடுப்பது அதுதான். சில வருஷங்களுக்கு ஒருமுறை, கொக்கியை மூடியிருக்கும் கிண்ணத்தைக் கீழே இறக்கி இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. சுழலும் விசிறி காற்றைக் கீழே தள்ளுவதால் எதிர்விசை அதைச் சற்றே மேலே தூக்குகிறது. ஆகவே ஓடும்போது கொக்கியின்மேல் பாரம் கொஞ்சம் குறைந்து, நிறுத்தும்போது முழுப் பாரமும் திரும்ப இறங்குகிறது என்பது ஒரு சுவையான செய்தி.

கொக்கி உறுதிப்பட்ட பிறகு, கம்பிக்கு வருவோம். பழைய விளக்குப் பாயிண்டில் இரண்டு கம்பிகளே இருக்கும்: பேஸ், நியூட்ரல். பிளாஸ்டிக் ஹோல்டருக்கு அது போதும். விசிறியோ முழுவதும் உலோகம். சுருளின் காப்பு ஒருநாள் கெட்டுப்போனால் அதன் ஓடு முழுவதிலும் மின்சாரம் பாயும். ஒட்டடை அடிக்க ஸ்டூலின்மேல் ஏறி ஈரத் துணியால் துடைக்கும் பெண்ணின் கை அதில்தான் படும். ஆகவே எர்த்துக்கான பச்சைக் கம்பி ஒன்றைப் புதிதாக இழுத்தே ஆகவேண்டும் என்பதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன். சில பழைய வீடுகளில் சுவிட்சைப் பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், மின்சாரமோ கூரைவரை வந்து காத்து நிற்கும். சுவிட்சை நம்பாமல் மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொடவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. அலுமினியக் கம்பி இழுத்த வீடாக இருந்தால், தொட்டாலே ஒடியும் அந்தக் கம்பியை அத்துடன் மாற்றிவிடுவதே மேல்.

விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர் இருக்காது. அதற்குப் பலகையில் இடம் தேடவேண்டும். சாதாரண விசிறி இண்டக்ஷன் மோட்டாரால் ஓடுவது. ஒரு சுருளில் நேரடியாகவும், இன்னொரு சுருளில் கண்டென்சர் வழியாகவும் மின்னோட்டம் பாய, இரண்டும் முன்பின்னாக ஏறி இறங்குவதால் சுழலும் காந்தப் புலம் ஒன்று பிறந்து ஓட்டை இழுத்துச் செல்கிறது. பதினான்கு துருவங்கள் உள்ள விசிறியில், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், அந்தப் புலம் நிமிஷத்துக்கு 428 சுற்று சுற்றும். ஓடு அதற்குச் சற்றுப் பின்தங்கியே தொடரும். கண்டென்சர் பலவீனமானால் விசிறி மந்தமாகிறது; மாலையில் வோல்ட்டேஜ் தாழ்ந்தாலும், திருப்புவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதால், கூடுதலாகவே மந்தமாகிறது. பழைய காலத்துப் பெரிய ரெகுலேட்டர் பெட்டிகள், வேகத்தைக் குறைத்தபோது மிச்சமான மின்சக்தியைத் தம் கம்பிச் சுருளில் உஷ்ணமாக எரித்துவிட்டன. ஆகவே மெதுவாக ஓட்டினாலும் சிக்கனம் அதிகமில்லை.

இப்போது கடைகளில் வந்திருக்கும் பி.எல்.டி.சி. விசிறியில், சுழலும் ஓட்டில் நிரந்தரக் காந்தங்களைப் பதித்து, சுருள்களுக்குள் மின்னோட்டத்தை முறைவைத்து அனுப்பும் காரியத்தை ஒரு மின்னணுப் பலகையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எழுபத்தைந்து வாட்டுக்குப் பதில் சுமார் முப்பது வாட்டிலேயே அதே காற்று கிடைக்கிறது. வோல்ட்டேஜ் தாழ்ந்தாலும் வேகம் எளிதில் தாழ்வதில்லை. அதன் வேகத்தை ரிமோட்டினால் மாற்றுவதால், ரெகுலேட்டரே வேண்டியதில்லை. சுவிட்சு மட்டுமே உள்ள பழைய விளக்குப் பாயிண்டுக்கு இது மிகவும் இசைந்தது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், பழைய வகை இரண்டு மாதத்தில் 54 யூனிட் உண்ணும், இது 21.6 யூனிட் உண்ணும். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசமாயிருக்கும் நம் மாநிலத்தில், சிறிய குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் அற்பமன்று. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்குகிறவர் அதைப் பார்த்தே வாங்கலாம்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறக்கைகள் தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமல் இருப்பது பத்திரம்; குழந்தையைத் தோளில் தூக்கும் தகப்பனை மனத்தில் வைத்து அளக்கவேண்டும். கூரைக்கும் இறக்கைக்கும் இடையில் ஓரடியேனும் இல்லாவிட்டால், மேலிருந்து காற்றை எடுக்க முடியாமல் விசிறி வீணே சுழலும்.

இடம் பறிபோன விளக்கை எங்கே வைப்பது என்பதைக் கடைசியில் யோசிப்பவர்களே அதிகம். முதலில் யோசிக்கவேண்டிய விஷயம் அது. விளக்கைக் கூரையிலேயே ஓர் ஓரமாக, இறக்கைகளுக்கு மேலாக வைத்துவிட்டால், மூன்று இறக்கைகளும் சேர்ந்து விநாடிக்குப் பத்தொன்பது தடவை வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும். அந்த வேகத்துச் சிமிட்டலைக் கண் உணராமல் விட்டுவிடுவதில்லை. படிக்கும் பிள்ளைக்குக் கண்வலியும் தலைவலியும் அதனால் வருவதுண்டு. இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே, சுவரில், விளக்கைப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அருப்புக்கோட்டை தறி ஊர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பருத்தி நூல் ஈரத்தில் வலுப்பது. வறண்ட காற்றில் நூலும் அதன்மேல் ஏற்றிய கஞ்சியும் முறுகி, பாவில் இழை இழையாக அறும். நெசவாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் நிறுத்திவைப்பதும், குழித்தறியில் பாவு தரையின் ஈரத்தை ஒட்டி ஓடுவதும் இந்த நூலின் இயல்பை அனுசரித்தே. தறிக்கூடத்தின் நடு விளக்கு வழக்கமாகப் பாவுக்கு நேர் மேலே தொங்கும். அந்த இடத்தில் விசிறியை மாட்டினால், நெய்கிறவரின் வியர்வையோடு பாவின் ஈரத்தையும் அது உலர்த்திவிடும். சாய்ப்பு தாழ்ந்த ஓட்டுக் கூடங்களில் எட்டடி உயரமும் கிடைப்பதில்லை. அங்கே விளக்கை அதன் இடத்திலேயே விட்டு, அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படும்படி இன்னும் சற்றுத் தாழ இறக்கி, விசிறியைப் பக்கச் சுவரில், நெய்கிறவரின் முதுகில் காற்றுப் படும்படியாகப் பூட்டுவதே முறை.